தமிழகக் கடற்கரைக்கு எப்போது போகலாம்? காற்றைப் பார்த்து நாள் குறிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன், ஜூன் மாத நடுவில் பெற்றோரை அழைத்துக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனேன். பள்ளிகள் திறந்துவிட்டன, கூட்டம் இருக்காது, வெயிலும் தணிந்திருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தேன். கூட்டம் இல்லைதான். ஆனால் தங்கியிருந்த மூன்று நாளும் கடல் கொந்தளித்துக்கொண்டே இருந்தது. விவேகானந்தர் பாறைக்குப் படகு விடவில்லை. அம்மா கரையில் நின்று, காற்றில் பறந்த முந்தானையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெற்றிக்கு உயர்த்திப் பாறையைப் பார்த்துக் கும்பிட்டார். பக்கத்தில் சங்கும் பாசிமணியும் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: “இது காற்று மாதம் தம்பி. தை பிறந்த பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.”

அடுத்த தை மாதமே போனோம். கடல் தெப்பக்குளம்போல் கிடந்தது. ஊர் அதேதான், மாறியது காற்று மட்டும். “எந்த மாதம் போகலாம்?” என்று கேட்பவர்களுக்கு அன்றுமுதல் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்தக் கரைக்குப் போகிறீர்கள், அப்போது அங்கே எந்தக் காற்று வீசும்?

பழவேற்காட்டில் தொடங்கி கன்னியாகுமரி முனையைச் சுற்றி, கேரள எல்லையில் உள்ள நீரோடி வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை இது. நடுவில் புதுச்சேரியும் காரைக்காலும் வருகின்றன. இவ்வளவு நீளக் கரைக்கு ஒரே “சீசன்” சொல்ல முடியாது. கீழே உள்ள வரிசையில் யோசித்தால் உங்களுக்கான நாள் தானாகத் தெரியும்.

முதல் படி: இரண்டு காற்றுகளை அறிந்துகொள்ளுங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கேரளத்தில் இது ஜூன் 1 வாக்கில் தொடங்குவது வழக்கம். அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் இந்தக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வறண்ட, சூடான காற்று. அதனால்தான் கொச்சியில் குடை பிடித்துக்கொண்டிருக்கும் ஜூலையில் நாகப்பட்டினத்தில் மண் பறக்கிறது.

அக்டோபரில் காற்று திசை மாறும். வடகிழக்கிலிருந்து வங்கக் கடலின் மேலாக வந்து, கிழக்கு நோக்கி நிற்கும் நம் கரையில் நேராக மோதும். இதுதான் வடகிழக்குப் பருவமழை. தமிழகக் கடலோரத்தில் இது தொடங்கும் இயல்பான நாள் அக்டோபர் 20 வாக்கில் வருகிறது. நாட்டின் பெரும்பகுதியில் மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த பிறகுதான் நமக்கு மழைக்காலமே பிறக்கிறது. வெளி மாநில நண்பர்கள் “மழை முடிந்ததும் வருகிறோம்” என்று நவம்பரில் டிக்கெட் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது இதனால்தான். அவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மீனவர்களிடம் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோழகம், மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவது கச்சான். ஊருக்கு ஊர் வழக்கு சற்று மாறும். ஆனால் கரையோர ஊர் எதிலும் இறங்கி, “இப்போது வாடையா, கச்சானா?” என்று கேட்டுப் பாருங்கள். கைப்பேசி சொல்லாத விவரமெல்லாம் அந்தப் பதிலோடு சேர்ந்து வரும்.

இந்த இரண்டு காற்றுக்கும் இடையில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. ஒன்று, ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. வாடையின் வேகம் குறைந்து, வெயில் இன்னும் ஏறாத காலம். கரை முழுவதற்கும் சேர்த்து ஒரே பதில்தான் வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் தை நடுவிலிருந்து மாசி முடிய என்று சொல்வேன். மற்றொன்று, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை. இது நம்பத்தகாத இடைவெளி. “புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்” என்று பழமொழி சொல்வது இந்த நாட்களைத்தான்.

இரண்டாம் படி: எந்தக் கரை என்று முடிவு செய்யுங்கள்

வடபகுதியில் தொடங்குவோம்: பழவேற்காடு, சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி, கடலூர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. மீதியில் பெரும்பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, மாலையிலும் இரவிலும் இடியோடு வரும் மழை. மே மாதப் பகல் வெப்பம் சராசரியாக 37, 38 டிகிரியைத் தொடும். ஜனவரியில் பகலில் 29, 30, விடியற்காலையில் 20, 21 என்று இறங்கும். இந்தப் பகுதிக்கு டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை நல்ல காலம்.

அடுத்து காவிரிப் படுகைக் கரை: பிச்சாவரம், பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி, கோடியக்கரை. இங்கே வடகிழக்குப் பருவமழையின் பங்கு சென்னையைவிடவும் அதிகம். நிலம் தட்டையானது, மழைநீர் வடிய நேரம் எடுக்கும். நவம்பரில் இந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மழை விட்ட தை மாதத்தில் கரைக்குப் போகும் வழியெல்லாம் வயல்கள் கதிர் முற்றி நிற்கும். கடலுக்காகப் போய், வயலைப் பார்த்து வண்டியை நிறுத்தியவர்கள் பலர்.

மூன்றாவது, ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி, திருச்செந்தூர் வரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரே ஊருக்கு இரண்டு கடல்கள். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பகுதி, தெற்கே மன்னார் வளைகுடா. உள்ளூரில் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இந்த வேறுபாடு கண்ணுக்கு நேரே தெரியும். ஜூலையில் வலப்பக்கம் மன்னார் வளைகுடா கரையை அறைந்து நுரை கக்கிக்கொண்டிருக்கும். சில நூறு அடி தள்ளி, இடப்பக்கம் இருக்கும் கடல் கணுக்காலைக்கூட நனைக்கத் தயங்கும். டிசம்பரில் போனால் கதை தலைகீழ். வாடைக்காற்றில் வடக்குக் கடல் கலங்கி அலையடிக்கும், தெற்கு அமைதியாகிவிடும். கைட் சர்ஃபிங் கற்பவர்கள் கோடையில் ஒரு கரைக்கும் குளிர்காலத்தில் மறு கரைக்கும் இடம் மாறுவது இதனால்தான். ஆகவே ராமேஸ்வரத்தில் “கடல் எப்படி இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பக்கம் என்று சேர்த்துக் கேளுங்கள்.

கச்சான் பலமாக வீசும் மாதங்களில் தனுஷ்கோடிச் சாலையில் மணல் வந்து மூடும். அரிச்சல்முனை வரை போகும் அந்தச் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலிலும் தண்ணீரிலும் வேன் ஏறி இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. பாம்பன் பாலத்தில் காற்றின் வேகம் வரம்பைத் தாண்டினால் ரயிலை நிறுத்தி வைப்பார்கள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கும் காற்றுக் கட்டுப்பாடு உண்டு. திரும்பும் ரயிலைப் பிடித்து அதே நாளில் விமானம் ஏறும் திட்டம் வேண்டாம்.

தூத்துக்குடி தமிழகக் கடலோரத்தின் வறண்ட பகுதி. ஆண்டு மழை சுமார் 65 செ.மீ., அதாவது சென்னையின் பாதிக்கும் குறைவு. உப்பளங்கள் இங்கே செழித்ததற்கு அந்த வறட்சிதான் காரணம். ஒரு பிப்ரவரிக் காலையில் உப்பளப் பாத்தி ஒன்றின் வரப்பில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்ததுபோல் மெல்லிய ஏடு. அதன் ஓரத்தில் கடுகளவு வெள்ளைப் புள்ளிகள். வெயில் ஏற ஏற அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பாத்தியின் அடியில் படிகின்றன. மழைக்காலத்தில் கரைந்து சேறாகக் கிடந்த பாத்திகளைச் சீர்செய்து, கடல்நீர் பாய்ச்சத் தொடங்கிவிட்டார்கள் என்றால் தென்கரையில் மழை முடிந்ததற்கு அதைவிட நல்ல அடையாளம் வேறு இல்லை.

நான்காவது, குமரி முனையும் அதற்கு மேற்கே முட்டம், குளச்சல் வரையிலான கரையும். இந்தப் பகுதிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. வெப்பம் மட்டும் அளவோடு இருக்கும். மே மாதத்திலும் பெரும்பாலும் 35 டிகிரிக்குள். ஆனால் மே கடைசி முதல் ஆகஸ்ட் வரை கடல் சீற்றம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் காற்றின் வேகத்தை, முப்பந்தலில் வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடுவரை ஐயப்ப பக்தர்களின் கூட்டம் குமரியில் நிரம்பி வழியும். மகர விளக்கு முடிந்த பிறகு, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து மார்ச் வரை போவது எல்லா வகையிலும் நல்லது. இன்னொரு காரணமும் இருக்கிறது: சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் முனையிலிருந்து பார்த்தால் அது கடலுக்குள் மறையும். கோடையில் நிலத்தின் பக்கம் ஒதுங்கி மறைந்துவிடும். கடலில் அஸ்தமனம் காண வந்து, மே மாதத்தில் ஏமாந்து திரும்புவோரை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

மூன்றாம் படி: எதற்காகப் போகிறீர்கள்?

பறவைகளுக்காக என்றால் மழையை அடுத்து வரும் குளிர்காலம். பழவேற்காடு ஏரியிலும் கோடியக்கரையிலும் பூநாரைகள் கூட்டமாக இறங்குவது அப்போதுதான். கோடியக்கரையில் வெளிமான்களையும் பார்க்கலாம். கரையிலிருந்து சற்று உள்ளே இருக்கும் வேடந்தாங்கலுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவைகளும் குறைவாகவே வரும். எனவே நவம்பர் மழை எப்படி இருந்தது என்று பார்த்த பிறகு நாள் குறியுங்கள். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளில் படகில் போவதற்கும் இதே காலம்தான்.

ஆமைகளுக்காக என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. இந்தக் கரையில் முட்டையிட வரும் சிற்றாமைக்கு நம் மக்கள் வைத்த பெயரே பங்குனி ஆமை. சென்னையில் தன்னார்வலர்கள் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் பாதுகாக்கிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. டார்ச் வெளிச்சம் ஆமையைத் திருப்பி அனுப்பிவிடும், அணைத்து வையுங்கள். குஞ்சுகள் பொரிந்து கடலுக்குள் போவதைக் காண மார்ச் இறுதியும் ஏப்ரலும் ஏற்றவை. குழந்தைகளை அழைத்துப் போவதாக இருந்தால் இந்த ஒரு காட்சிக்காகவே ஏப்ரல் வெயிலைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அலைச்சறுக்கு கற்பவர்களுக்கு நான் இதுவரை சொன்னது பொருந்தாது. சென்னையை அடுத்த கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அலை நன்றாக எழும், மழையும் பெரும்பாலும் மாலைக்குப் பிறகுதான்.

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளைக் கண்ணாடிப் படகில் பார்க்க விரும்புகிறவர்கள், தண்ணீர் தெளிந்திருக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். காற்று எழுந்தால் படகு நிற்கும். காலை நேரமே நல்லது.

மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு தேதியை நினைவில் வையுங்கள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் அது. நாட்டுப்படகுகள் கரையோரம் பிடித்து வருவது கிடைக்கும், ஆனால் பெரிய மீன்களின் வரத்து குறைந்து விலை ஏறிவிடும். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை முடிந்து படகுகள் திரும்பும் முதல் வாரத்தில் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஆரவாரத்துக்கு ஈடு கிடையாது.

திருவிழாக்களுக்கு வானிலையைப் பார்த்து நாள் மாற்ற முடியாது. தயாராகத்தான் போக வேண்டும். வேளாங்கண்ணிப் பெருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. பகல் வெயில் கடுமையாக இருக்கும், இரவில் திடீர் மழையும் உண்டு. திருச்செந்தூர் சூரசம்ஹாரம் ஐப்பசியில், அதாவது மழை தொடங்கும் நேரத்தில் வருகிறது. ராமேஸ்வரத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அறை கிடைப்பது அரிது. மாமல்லபுரம் நாட்டிய விழாவும் சென்னையின் மார்கழி இசைக் கச்சேரிகளும் ஒரே காலத்தில் வருவதால், டிசம்பர் கடைசியில் வட கரைக்குப் போகிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம்.

நான்காம் படி: மழை மாதங்களை ஒதுக்கிவிடாதீர்கள், கணித்துப் போங்கள்

“ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை” என்பது உண்மைதான். ஆனால் மழை இரண்டு மாதம் விடாமல் பெய்வதில்லை. மூன்று நான்கு நாள் கொட்டும். பிறகு ஒரு வாரம்கூட வெளுத்து, கழுவிவிட்டதுபோல் வானம் நீலமாக இருக்கும். அந்த இடைவெளி நாட்களில் கடற்கரை இருக்கும் அழகு வேறு எந்த மாதத்திலும் இல்லை. அறை வாடகையும் குறைவு. ஒரு வாரத்துக்கு முன்னால் மட்டும் முடிவு செய்து, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

மழை பெய்யும் நேரத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வடகிழக்குப் பருவத்தில் கடலோர மழை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, விடியற்காலையில் வலுத்து, முற்பகலில் ஓயும். ஆகவே நவம்பரில் வெளியே சுற்றும் வேலையை முற்பகல் பதினொரு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் இதற்கு நேர்மாறு: மேற்கிலிருந்து இடிமேகம் திரண்டு மாலையில் வரும், நான்கு மணிக்குள் முடித்துக்கொண்டு திரும்புங்கள்.

இனி எச்சரிக்கைகள். செய்தியில் வரும் சொற்களை வரிசையாக அறிந்திருந்தால் பதற்றமும் இராது, அலட்சியமும் வராது. காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றால் மழை வரக்கூடும், பயணத் திட்டத்தைக் கவனத்தில் வையுங்கள். அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலமானால் கடற்பயணம் எதையும் ரத்து செய்யுங்கள். ஆழ்ந்த தாழ்வு மண்டலமானால் புறப்பட வேண்டாம். ஏற்கெனவே அங்கே இருந்தால் உள்நாட்டுப் பக்கம் நகருங்கள். காற்று மணிக்கு 62 கி.மீ. வேகத்தை எட்டினால் அது புயல். மழை அளவில், ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிக கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதி கனமழை. சிவப்பு எச்சரிக்கை விடுத்த மாவட்டத்துக்கு எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளில் 1-ஆம் எண்ணும் 2-ஆம் எண்ணும் தொலைவில் இருக்கும் புயலைக் குறிப்பவை. 3-உம் 4-உம் உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

நவம்பரும் டிசம்பரும் இந்தக் கரைக்குப் புயல் மாதங்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை யாரும் மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30-இல் கடலூர் அருகே தானே, 2016 டிசம்பர் 12-இல் சென்னையில் வர்தா, 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் அருகே கஜா, 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே ஃபெஞ்சல். தேதிகளைக் கவனித்தால் ஒன்று புரியும்: “கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை” என்ற பழமொழியை நம்பி மார்கழியில் கண்ணை மூடிக்கொண்டு கிளம்ப முடியாது. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில், தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. வறண்ட கரை என்று மேலே சொன்னேனே, அதே கரையில்தான். அந்த மழைக்குப் புயலின் பெயர்கூடக் கிடையாது; குமரிக் கடல் பகுதியில் நிலவிய வெறும் மேலடுக்குச் சுழற்சி. பெயர் வைக்கப்படவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று யாராவது சொன்னால் காயல்பட்டினத்தை நினைவுபடுத்துங்கள்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையையும் ரேடார் படத்தையும் காலையும் மாலையும் பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் மௌசம் செயலி, மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி செயலி ஆகியவற்றைப் புறப்படும் முன்பே பதிவிறக்கிக்கொள்ளலாம். அவசர உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077.

ஐந்தாம் படி: கோடையில்தான் போக முடியும் என்றால்

பள்ளி விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும்தான். பல குடும்பங்களுக்கு வேறு வழி இல்லை. கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடிகிறது. இந்த வெயிலின் கொடுமை வெப்பத்தில் மட்டும் இல்லை. உள்நாட்டு ஊர்களில் 40 டிகிரியில் வியர்வை உடனே காய்ந்துவிடும். கரையில் 36 டிகிரியிலும் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலராது, உடல் தணியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீரும் மோரும் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதியவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கையில் இருக்கட்டும்.

கடற்காற்று வரும் நேரத்தை அறிந்து நாளைப் பிரியுங்கள். தரை சூடேறி, நண்பகலை ஒட்டிக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். அதன் பிறகு வெப்பம் ஏறாது. ஆனால் மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்துவிட்டால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும். சென்னையில் 45 டிகிரி பதிவான நாள் 2003 மே 31 என்பதிலிருந்தே கத்திரி முடிந்ததும் வெயில் முடிந்துவிடாது என்று தெரிகிறதல்லவா? ஆகவே விடியற்காலை ஐந்தரைக்குக் கரையில் இருங்கள், பத்து மணிக்குள் அறைக்குத் திரும்புங்கள், மாலை நான்கரைக்குப் பிறகு மறுபடி இறங்குங்கள். மாமல்லபுரத்துப் பாறைகளும் கோயில் பிராகாரக் கற்களும் நண்பகலில் குழந்தைகளின் பாதத்தைப் பொசுக்கிவிடும். கோடையில் போகத் தகுந்த இடம் எது என்று கேட்டால், குமரிப் பகுதிக்கு மே இரண்டாம் வாரத்துக்குள் போய்த் திரும்பிவிடுங்கள் என்பேன்.

ஆறாம் படி: கடலில் இறங்கும் முன்

வானம் தெளிவாக இருப்பதாலேயே கடல் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தொலைதூரப் புயல்களில் எழும் பேரலைகள் பல நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத ஒரு பகலில் திடீரென நம் கரையில் ஏறும். கேரளத்திலும் குமரிக் கரையிலும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். கள்ளனைப்போல் ஓசையின்றி வருவதால் அந்தப் பெயர். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6-இல் குமரி மாவட்டக் கடற்கரை ஒன்றில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடைமுறையில் இருந்தது. அன்றைய கடல் எச்சரிக்கையைப் பார்க்காமல், உள்ளூர் மீனவர் ஒருவரிடமாவது கேட்காமல் குழந்தைகளைத் தண்ணீரில் விடாதீர்கள்.

கரையில் அலைகள் வரிசையாக உடையும்போது நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், தண்ணீர் கலங்கி உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தால் அது இழுப்பு உள்ள இடம். பார்ப்பதற்கு அமைதியாக இருப்பதால் பலரும் அங்கேதான் இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்திக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பைவிட்டு வெளியேறிய பிறகு திரும்ப வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் வற்றமும் கூடுதலாக இருக்கும். குமரியில் நீர்மட்டம் தாழ்ந்தால் படகு நிற்பதும் அந்த நாட்களில்தான். விவேகானந்தர் பாறையையும் 133 அடி திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. அதனால் பாறையை அடைந்துவிட்டால் சிலைக்குத் தனிப் படகு தேவையில்லை. பாறைக்குப் போகத்தான் இன்னும் படகு வேண்டும்.

பையில் வைக்க வேண்டியவை

பருத்தித் துணி, அகலத் தொப்பி, எப்போதும். மழை மாதங்களில் ஷூவைவிட ரப்பர் செருப்பு நல்லது, நனைந்தாலும் உலரும். புயலுக்குப் பிறகு மின்சாரம் நாள்கணக்கில் வராமல் போகலாம், ஏடிஎம் இயங்காது. இரண்டு நாளுக்கான ரொக்கம், கைப்பேசிக்கு பவர் பேங்க், வழக்கமாக எடுக்கும் மருந்து ஆகியவற்றைத் தனியாக உறையிட்டு வையுங்கள். தை, மாசியில் போகிறவர்கள் குளிரைக் குறைத்து எடைபோடுகிறார்கள். “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பது கரையிலும் உண்மை. பூநாரைகளைப் பார்க்க விடியலில் பழவேற்காட்டுப் படகில் ஏறும் முதியவருக்கு ஒரு சால்வை கட்டாயம் வேண்டும். எங்கள் இரண்டாவது குமரிப் பயணத்தில் அம்மா சூரியோதயம் பார்க்கப் போர்த்திக்கொண்ட சால்வை, பாறையிலிருந்து படகில் திரும்பும்வரை அவர் தோளிலேயே இருந்தது.